ஷெரீஃப் என்பவர் எஸ்.பி. அல்லர்

அமெரிக்கச் செய்திகளைத் தமிழாக்குவோர் ‘கவுண்டி ஷெரீஃப்’ என்று கண்டதுமே ‘மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்’ என்று எழுதிவிடுகிறார்கள். சொல்லின் பிறப்பு எளிது. பழைய இங்கிலாந்தில் ‘ஷையர்’ என்னும் நிலப்பகுதியில் மன்னர் சார்பில் இருந்த அதிகாரி ‘ரீவ்’. இரண்டும் ஒட்டித் தேய்ந்து ஷெரீஃப் ஆயிற்று. அரபுப் பெயரான ஷெரீப்புக்கும் இதற்கும் உறவில்லை.

நம் கண்காணிப்பாளர் அரசு நியமிப்பவர். அவருக்கு மேல் டி.ஐ.ஜி., ஐ.ஜி., டி.ஜி.பி. என்று ஏணி நீளும். ஓர் உத்தரவில் வேறு மாவட்டத்துக்குத் தூக்கியடிக்கப்படுவார். ஷெரீஃபோ பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டி மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். அவரை இடம் மாற்ற ஆளுநராலும் ஆகாது, எஃப்.பி.ஐ. அவருக்கு மேலமைப்பும் அன்று. மொன்டானாவின் ரவாலி கவுண்டி ஷெரீஃப் ஜே பிரின்ட்ஸ் தொடுத்த வழக்கில், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்குமாறு உள்ளூர்க் காவல் அதிகாரிகளுக்குக் கூட்டரசு ஆணையிட முடியாது என்றே உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. ‘கண்காணிப்பாளர் மீண்டும் போட்டியிடுகிறார்’ என்று படிக்கும் தமிழர், அவர் எப்போது வேலையை விட்டார் என்றல்லவா கேட்பார்?

பணியும் வேறு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்குத் தனிக் காவல்துறையும் தனித் தலைவரும் உண்டு. கவுண்டி ஷெரீஃப் காவல் காப்பது எந்த நகராட்சியிலும் சேராத பகுதிகளையும், காம்ப்டன், வெஸ்ட் ஹாலிவுட் போல ஒப்பந்தம் செய்துகொண்ட நகரங்களையும்தான். கவுண்டிச் சிறை, நீதிமன்றப் பாதுகாப்பு, நீதிமன்ற ஆணைப்படி வீட்டைக் காலிசெய்வித்தல் ஆகியனவும் அவர் பொறுப்பு. நெடுஞ்சாலைக்கோ மாநிலத்தின் தனி ரோந்துப் படை இருக்கிறது. ஏறத்தாழ 18,000 அமைப்புகள் இப்படித் தனித்தனியே இயங்கும் நாட்டில் ‘அமெரிக்கக் காவல்துறை’ என்று ஒருமையில் எழுதுவதே பிழை.

‘காவல் அதிபர்’ என்பதும் பொருந்தாது. பொலிஸ் மா அதிபரை அறிந்த இலங்கை வாசகர் அதை நியமனப் பதவியாகவே கொள்வார். தூய தமிழ்தான் வேண்டுமென்றால் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட வட்டாரக் காவல் தலைவர்’ என்று முதலில் ஒருமுறை விளக்கிவிட்டு, பிறகு ‘ஷெரீஃப்’ என்றே எழுதுவதுதான் நேர்மை.

‘டெபுடி ஷெரீஃப்’ படும் பாடு இதைவிட மோசம். ரோந்து வண்டியில் வந்து வேகத்துக்கு அபராதச் சீட்டு எழுதும் சாதாரணக் காவலரையும் அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நம் செய்தியிலோ அவர் ஒரே வரியில் துணைக் கண்காணிப்பாளர் ஆகிவிடுகிறார்.