டிக்கிக்கு வழிவிடும் சைக்கிள் ரேக்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்ற ஊர். செம்பாறைகளில் சைக்கிள் ஓட்டவும் ஜீப் ஏற்றவும் ஊர் ஊராக ஆட்கள் வந்து குவிகிற இடம். வருகிறவர்களில் ஜீப் ராங்லர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. அதன் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும்; ஸ்பேர் டயரும் கதவின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பின்னால் ரேக் மாட்டிச் சைக்கிள்களை ஏற்றிவிட்டால் கதவு அசையாது. தண்ணீர் கேனை எடுக்கக்கூடச் சைக்கிளை இறக்கியாக வேண்டும்.

இதற்கு வந்ததுதான் ஸ்விங்-அவே அடாப்டர். வண்டிக்கும் ரேக்குக்கும் நடுவே ஒரு பெரிய கீல், அவ்வளவுதான். கொக்கியை விடுவித்து இழுத்தால் சைக்கிள்களோடு ரேக் அப்படியே ஒதுங்கிக்கொள்ளும்.

வாங்குகிறவர்கள் எல்லோரும் எத்தனை கிலோ தாங்கும் என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறது என்பதையும் கேட்க வேண்டும். ரேக் 25 கிலோ, சைக்கிள் இரண்டும் 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 55. இதன் எடைமையம் ஹிட்ச் பின்னிலிருந்து, அதாவது ரேக்கை வண்டியோடு இணைக்கக் குறுக்கே போடும் ஆணியிலிருந்து, 80 செ.மீ. பின்னால் இருந்தால், இணைப்பை வளைக்கப் பார்க்கும் திருப்புவிசை ஏறத்தாழ 430 நியூட்டன் மீட்டர். அடாப்டர் ரேக்கை இன்னும் 25 செ.மீ. வெளியே தள்ளினால் அது 565 ஆகிவிடும். ஒரு சைக்கிள்கூடக் கூடவில்லை, திருப்புவிசை மட்டும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டது. அடாப்டரின் சொந்த எடை இதில் சேரவில்லை. பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டால் அந்த நொடியில் இது இரண்டு மூன்று மடங்காகும். கரடுமுரடான பாதைக்கென்று பல கம்பெனிகள் எடை வரம்பைக் குறைத்துச் சொல்வது இதனால்தான்.

அடுத்தது ஆட்டம். வண்டிக்கு அடியில் இருக்கும் ரிசீவர் 2 அங்குலச் சதுரக் குழாய். அடாப்டரின் தண்டு அதற்குள் நுழைய வேண்டுமானால் கொஞ்சம் இடைவெளி இருந்தே தீர வேண்டும். தண்டு 20 செ.மீ. உள்ளே போய், இடைவெளி ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால், ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் சைக்கிள் ஏழெட்டு மில்லிமீட்டர் ஆடும். குறுக்கே போடும் சாதாரண 5/8 அங்குலப் பின், தண்டு வெளியே வராமல்தான் பிடிக்கும், ஆட்டத்தை நிறுத்தாது. மரை போட்ட பின்னை முடுக்கினால் தண்டு ஒரு பக்கச் சுவரோடு ஒட்டும், ஆனால் மேலும் கீழுமான ஆட்டம் மிச்சமிருக்கும். தண்டை மூலைவாட்டில் தள்ளும் ஆப்பு வைத்த மாடல்தான் இரண்டையும் அடக்கும். என்னைக் கேட்டால் கூடுதல் காசு கொடுக்க வேண்டியது இதற்குத்தான்.

மாட்டும்போது ரேக்கைத் தனியே வைத்துவிட்டு அடாப்டரை மட்டும் முதலில் ரிசீவரில் ஏற்றுங்கள். கனமான இரும்பு, இரண்டு பேர் பிடித்தால் நல்லது. பின்னைப் போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடுக்கி, கொக்கியைப் பூட்டி, நுனியைப் பிடித்துப் பலமாக உலுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் அங்கேயே சரிசெய்துவிட்டுத்தான் ரேக். கொஞ்ச தூரம் ஓட்டியபின் எல்லா போல்ட்டையும் மறுபடி முடுக்க வேண்டும்.

மூடியிருக்கும்போது பாரத்தில் ஒரு பங்கைக் கொக்கி வாங்கிக்கொள்ளும். திறந்தால் முழுப் பாரமும் கீலில். கீலின் மேல் பேரிங்கைச் சுமை வெளியே இழுக்கும், கீழ் பேரிங்கை உள்ளே அழுத்தும். இரண்டுக்கும் இடையே உயரம் கூடக்கூட ஒவ்வொன்றிலும் விசை குறையும். குட்டையான கீல் சீக்கிரம் தேய்கிறது. வண்டி 10 டிகிரி பக்கவாட்டில் சாய்ந்து நின்றால், கோணலாக மாட்டிய கதவு தானாக ஓடுவதுபோல ரேக்கும் ஓடும். நமது 55 கிலோ அப்போது ஒன்பதரை கிலோ பளுவின் விசையோடு பள்ளத்துப் பக்கம் இழுக்கும். அதனால் திறந்த நிலையிலும் பூட்டிக்கொள்கிற கொக்கி உள்ளதா என்று பாருங்கள். விலகும் பக்கமும் முக்கியம்: அமெரிக்காவில் ஓட்டுநர் பக்கம் திறந்தால் சைக்கிள்கள் சாலைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும்.

நம்பர் பிளேட் மறைகிறதா என்றும் ஒருமுறை பின்னால் போய் நின்று பாருங்கள். பல மாநிலங்களில் அதற்கு அபராதம் உண்டு.