குருத்தோலை ஞாயிறு இருக்க, பனை ஞாயிறு எதற்கு?

இந்த ஆண்டும் கண்ணில் பட்டுவிட்டது. ரோம் நகரத் திருப்பலியைக் காட்டிய ஒரு தொலைக்காட்சிச் செய்தியின் அடியில் 'பனை ஞாயிறு' என்று எழுத்து ஓடியது. போன ஆண்டு ஒரு நாட்காட்டிச் செயலியில் பார்த்தேன், அதற்கு முன் ஒரு படத்தின் அடிவரியில். 'உள்ளங்கை ஞாயிறு' என்று எழுதாமல் விட்டார்களே, அதுவரை நிம்மதி.

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறுதான் குருத்தோலை ஞாயிறு, ஆங்கிலத்தில் 'பாம் சண்டே'. இயேசு கழுதைமேல் ஏறி எருசலேமுக்குள் நுழைந்ததையும், மக்கள் 'ஓசன்னா' என்று ஆர்ப்பரித்ததையும் நினைவுகூரும் நாள். புனித வாரம் இதில் தொடங்குகிறது. ஓலையை மந்திரித்து, கையில் ஏந்திப் பவனி வருவார்கள். பவனி முடிவதற்குள் பிள்ளைகள் பாதி ஓலையைக் கிழித்துச் சிலுவை முடைந்துவிடுவார்கள். மீதி ஓலை வீட்டில் சுரூபத்துக்குப் பின்னால் செருகப்பட்டு, அடுத்த சாம்பல் புதனுக்குச் சாம்பலாகும். நான்காம் நூற்றாண்டில் எருசலேமுக்குப் போன எகேரியா என்ற பெண், அங்கே குழந்தைகள்கூட ஓலையும் ஒலிவக் கிளையும் ஏந்தி நடந்ததை எழுதி வைத்திருக்கிறார்.

ஆங்கிலத்தின் 'பாம்' லத்தீன் 'பால்மா'விலிருந்து வந்தது. பால்மா என்றால் உள்ளங்கை. விரித்த கைபோன்ற இலையால் மரத்துக்கும் அந்தப் பெயர். தென்னை, கமுகு, ஈந்து எனும் ஈச்சை, பனை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறந்தார், முதலில் கிடைத்தது பனை, எடுத்து ஒட்டிவிட்டார்.

எருசலேமில் அன்று மக்கள் ஏந்தியது பனையா? நற்செய்தி எழுதிய நால்வரில் யோவானின் கிரேக்கத்தில் பேரீச்சையின் பெயர் வெளிப்படையாகவே இருக்கிறது: 'ஃபொய்னிக்ஸ்'. மத்தேயுவும் மாற்கும் மரக்கிளை, இலைதழை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லூக்கா ஓலையையே சொல்வதில்லை, வழியில் விரித்த ஆடையோடு சரி. ஆக ஓலைக்கு இருப்பது யோவானின் சாட்சி ஒன்றுதான், அந்தச் சாட்சியும் பனையைச் சொல்லவில்லை.

'தாவரவியலில் பேரீச்சையும் பனைக் குடும்பம்தானே' என்று ஒரு நண்பர் வாதிட்டார். புலியும் பூனைக் குடும்பம்தான். அதற்காகப் புலிவேட்டையைப் பூனைவேட்டை என்று எழுதுவோமா? மேலும், அந்தக் குடும்பத்தை முழுதாகச் சுட்டத் தமிழுக்குப் பனையைக் கடன் கேட்க வேண்டிய தேவையே இல்லை. வெளியில் வைரம் பாய்ந்தவற்றைப் 'புல்' என்றும் உள்ளே வைரம் பாய்ந்தவற்றை 'மரம்' என்றும் பிரிக்கும் தொல்காப்பிய மரபியல், தோடு, மடல், ஓலை, பாளை, ஈர்க்கு எல்லாம் புல்லுக்கு உரிய உறுப்புப் பெயர்கள் என்கிறது. மாவுக்கு இலை, தென்னைக்கு ஓலை. 'ஓலை' என்று சொன்ன உடனே ஆல், அரசு, வேம்பு எல்லாம் விலகிவிடுகின்றன. தென்னை, பனை, ஈந்து நிற்கின்றன. ஆங்கிலம் ஒரு மரப்பெயரை இழுத்து நீட்டிச் செய்கிற வேலையைத் தமிழ் ஓர் இலைப்பெயரால் செய்துவிடுகிறது. கையில் ஏந்தியதும் ஓலையைத்தானே, மரத்தை அல்லவே!

'குருத்து' மூலத்தில் இல்லை என்பது இன்னொரு குறை. உண்மைதான், இல்லை. ஆனால் தமிழ் விவிலியம் யோவான் 12:13இல் 'குருத்தோலைகளைப் பிடித்துக்கொண்டு' என்று எழுதியபோது சும்மா எழுதவில்லை. திருவிழாத் தோரணத்துக்கு நாம் வெட்டுவது குருத்தைத்தான். முற்றிய ஓலை கூரைக்குப் போகும், காய்ந்தது அடுப்புக்கு. காவோலை விழக் குருத்தோலை சிரிக்கும் என்ற பழமொழி தெரிந்தவனுக்கு எதை ஏந்துவது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தச் செய்தியில் போப்பின் கையிலிருந்ததும் வெளிறிய பின்னல் ஓலைதான். இத்தாலியின் லிகூரியக் கடற்கரையில் பேரீச்சை மரத்தின் உச்சி ஓலைகளைச் சேர்த்துக் கட்டி, வெயில் படாமல் வெளிர் நிறத்திலேயே வளர்த்து, பின்னி வத்திக்கானுக்கு அனுப்புவது பழைய வழக்கம். மேலே குருத்தோலை, கீழே 'பனை ஞாயிறு'.

ஓலை கிடைக்காத ரஷ்யாவில் வில்லோ மரக் கிளையை ஏந்துகிறார்கள். அந்த நாளுக்குப் பெயரும் வில்லோ ஞாயிறுதான். கையில் இருப்பதைக் கொண்டு பெயரிடுகிறார்கள். மலையாளத்தில் ஓசானா ஞாயிறு என்பதோடு 'குருத்தோலப் பெருநாள்' என்றும் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை பல வீடுகளில் கொழுக்கட்டை. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் பனங்குருத்தையே ஏந்துகிற கோயில்கள் உண்டு. அவர்கள்கூட நாளைக் குருத்தோலை ஞாயிறு என்றுதான் சொல்கிறார்கள். பனை ஏறத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கே தோன்றாத பெயர் இது.

கோயிலுக்குப் போகிற எந்தப் பாட்டியிடம் கேட்டிருந்தாலும் ஒரு நொடியில் விடை வந்திருக்கும். கேட்பதில்லை. வழக்கில் இருக்கிற சொல்லைத் தேடாமல் புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டு, அதற்குத் 'தமிழாக்கம்' என்று பெயரும் வைக்கிறார்கள். அதே தொலைக்காட்சியில் ஐந்து நாள் கழித்துப் பெரிய வெள்ளி 'நல்ல வெள்ளி' ஆகியிருந்தது, வாழ்த்துகளோடு. அதைப் பற்றி எழுத இன்னொரு நாள் வேண்டும்.