நாயுண்ணியை வெட்டினால் போதாது, வேர்க்கழுத்தைத் தேடுங்கள்

திருகோணமலையில் சிரமதானத்துக்கு ஆள் சேர்ப்பது பெரிய கஷ்டமில்லை. ஒரு போயா தினத்திலோ ஞாயிற்றுக்கிழமையிலோ இளைஞர் கழகம், பாடசாலைப் பிள்ளைகள், கோயில் ஆட்கள் என்று கூடிவிடுவார்கள். மத்தியானத்துக்குள் பூங்கா ஓரத்துப் பற்றையெல்லாம் தரைமட்டமாகிவிடும். மழை பெய்து இரண்டு மூன்று மாதம் போனபின் அதே இடத்தைப் போய்ப் பாருங்கள். ஒரு தண்டு நின்ற இடத்தில் ஒரு கொத்துத் தண்டு நிற்கும். வந்தவர்களின் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. அந்தச் செடி எங்கிருந்து துளிர்க்கிறது என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அப்படி வெட்டி வெட்டி வளர்க்கப்படும் செடிகளில் முதலிடம் நாயுண்ணிக்கு. உண்ணிச்செடி என்றும் சொல்வார்கள். தாவரவியலில் லன்டானா கமாரா. சொந்த ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. 1826 இல் தாவரவியல் பூங்கா வழியாக, பூவின் அழகுக்காக இலங்கைக்குள் வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அடையாளம் காண்பது சுலபம். தண்டு உருண்டையாக இராமல் நான்கு மூலையாக இருக்கும், அதில் பின்பக்கம் வளைந்த சிறு முட்கள். இலையைக் கசக்கினால் காரமான ஒரு வாடை. ஒரே பூங்கொத்தின் நடுவில் மஞ்சளும் ஓரத்தில் செம்மஞ்சளோ இளஞ்சிவப்போ இருக்கும். கொத்து ஓரத்திலிருந்து உள்நோக்கி மலர்கிறது. மகரந்தம் சேர்ந்து மூத்த பூக்கள் நிறம் மாறுகின்றன. மஞ்சளில்தான் தேன் என்பது வண்ணத்துப்பூச்சிக்குத் தெரியும், வீணாக மற்றப் பூக்களில் நேரம் போக்காது. ஒரு பூ கூட வீணாகாமல் காய்க்க இது செடிக்குப் பெரிய உதவி.

பழுத்துக் கறுத்த பழத்தைக் கொண்டைக்குருவியும் மைனாவும் விழுங்கி, விதையை அடுத்த மரத்தடியில் போடும். இலையையோ ஆடுமாடு தொடாது. அதிலுள்ள லன்டடீன் என்ற நச்சு ஈரலைக் கெடுக்கும். பிரட்றிக் கோட்டையிலும் கடற்கரைப் பக்கமும் திரியும் நம்முடைய புள்ளிமான்களை நினைத்துப் பாருங்கள். புல்லும் நல்ல செடியும் மேயப்பட்டுப் போகும், நாயுண்ணி மட்டும் மிஞ்சும். போதாததற்கு, அதன் வேரிலும் உதிர்ந்த இலையிலும் இருந்து கசியும் பொருட்கள் பக்கத்து விதைகள் முளைப்பதையே தடுக்கும்.

சரி, வெட்டினால் ஏன் பெருகுகிறது? தண்டின் நுனி வளர்ந்துகொண்டிருக்கும்வரை ஒக்சின் என்ற வளர்ச்சி இரசாயனத்தைக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும். தண்டும் வேரும் சந்திக்கிற வேர்க்கழுத்தில், மண்மட்டத்தை ஒட்டி, ஏராளமான மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. அவற்றை எழும்பவிடாமல் வைத்திருப்பது நுனியின் அந்தக் கட்டளைதான். கத்தியால் தண்டை வெட்டியதும் கட்டளை நின்றுவிடும், மொட்டுகள் ஒன்றாக எழும்பும். கீழே வேரில் மாப்பொருள் சேமிப்பில் இருப்பதால், ஒரு இலை கூட இல்லாவிட்டாலும் துளிர்ப்பதற்குத் தேவையான சக்தி கைவசம் இருக்கிறது. நெருப்பு வைத்தாலும் கதை இதேதான்.

ஆகவே வெட்ட வேண்டிய இடம் மண்ணுக்குக் கீழே. டெல்லிப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் கோர்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய முறை இது: செடியின் அடியில் மண்ணைச் சற்று ஒதுக்கி, துளிர்க்கும் கழுத்துக்குச் சற்றுக் கீழே பிரதான வேரைப் பிக்காசால் தறிப்பது. பிறகு முழுச் செடியையும் தூக்கித் தலைகீழாக, வேர் வெயிலைப் பார்க்கும்படி வைப்பது. தண்டு ஈரமண்ணில் படுத்துக் கிடந்தால் கணுவிலிருந்து வேர்விடும். அதனால்தான் இந்தத் தலைகீழ். பற்றை முழுவதையும் தோண்டிக் கிண்டத் தேவையில்லை. கிண்டக் கிண்ட மண்ணுக்குள் கிடக்கும் பழைய விதைகள் வெளிச்சத்துக்கு வரும். அவை வருடக்கணக்கில் உயிரோடு காத்திருக்கக்கூடியவை.

நம் ஊரில் இந்த வேலைக்கு நல்ல காலம் ஜனவரி கடைசியும் பெப்ரவரியும். வருட மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் பெய்துவிடும், மண் இளகியிருக்கும். கச்சான் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் தரை காய்ந்து இறுகிவிடும். அப்போது அலவாங்கு போட்டாலும் வேர் சரியான இடத்தில் வராது, கழுத்தோடு முறிந்து உள்ளே நின்றுவிடும். காய் பிடித்த செடி என்றால் முதலில் காய்க்கொத்துகளை உரப்பைக்குள் போட்டுவிட வேண்டும். அப்புறம்தான் வேர்.

கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். நாயுண்ணி முள்ளுக்கு மட்டுமல்ல, பற்றைக்குள் பாம்பு இருக்கலாம், பக்கத்தில் பார்த்தீனியமும் நிற்கலாம். கரட் இலை போல வெட்டு வெட்டான இலையும் சிறு வெள்ளைப் பூவும் கொண்ட அந்தச் செடி தோலில் பட்டால் பலருக்குக் கடுமையான சொறி வரும், அதன் மகரந்தத் தூள் இழுப்பைக் கிளப்பும். முளைத்து ஒரு மாதமளவில் பூக்கும், ஒரு செடியே பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும். பூக்குமுன் பிடுங்கினால் மட்டுமே பிரயோசனம். வெறுங்கையோடு பிள்ளைகளை அதில் இறக்கிவிடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

இன்னொரு விடயம். தொல்பொருள் எல்லைக்குள் அனுமதியில்லாமல் மண்ணைத் தோண்டக் கூடாது. போர்க்காலத்தில் முகாமாகவோ காவலரணாகவோ இருந்த காணி என்றால், கண்ணிவெடி அகற்றியாகிவிட்டது என்று உறுதிப்படுத்தும்வரை அலவாங்கு கீழே இறங்கவே கூடாது.

குளங்களில் மிதக்கும் ஆற்றுவாழையின் கணக்கு வேறு. அதை ஒழிக்க இலங்கையில் 1909 இலேயே சட்டம் போட்டார்கள், இன்னும் ஒழியவில்லை. தாய்ச்செடியிலிருந்து பக்கக் கொடி நீண்டு குட்டி போடுவதால், நல்ல போசணையுள்ள தண்ணீரில் இரண்டு வாரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகிவிடும். அரைவாசியை அள்ளிவிட்டு வீட்டுக்குப் போவது, அடுத்த மாதம் மறுபடி வருகிறோம் என்று குளத்துக்கு வாக்குக் கொடுப்பதுதான். அள்ளியதைக் கரையோரத்தில் குவிக்காமல், வெள்ளம் எட்டாத மேட்டில் காயவிட வேண்டும்.

பூங்காவுக்குத் திரும்புவோம். முதல் சிரமதானத்தைவிட இரண்டாவதுதான் முக்கியம், அதற்குத்தான் ஆட்கள் வருவதில்லை. அடுத்த மாரியில், நவம்பர் டிசம்பரில், வெட்டவெளியான இடத்தில் நாயுண்ணிக் குஞ்சுகள் கூட்டமாக முளைக்கும். விரலளவு இருக்கும்போது இரண்டு விரலால் பிடித்து இழுத்தாலே வேரோடு வரும், பிக்காசு வேண்டாம். பத்துப் பேர் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம். ஒரு வருடம் விட்டுவிட்டால் அவை பூத்து, மண்ணில் புதிய விதைகள் சேர்ந்துவிடும்.

அந்த மழையிலேயே கன்றும் நட வேண்டும். நாயுண்ணி வெயிலுக்கு அடிமை, அடர்ந்த நிழலில் அது மெலிந்துபோகும். உடனடி மறைப்புக்கு ஆவாரையும் நொச்சியும், நீண்டகால நிழலுக்கு வேம்பு, பாலை, வீரை. பாலையும் வீரையும் மெதுவாகத்தான் வளரும், ஆனால் இந்த வரட்சிக்குப் பழகிய மரங்கள். முதல் கச்சானைத் தாண்டும்வரை கிழமைக்கு இரண்டு தரமாவது தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். மான் வரும் இடமென்றால் ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கம்பி வலையோ இலந்தை முள்ளோ கட்டிவிடுங்கள், இளந்துளிரை அவை விட்டுவைக்காது.