பாண்டேஜர்: பிணைப் பெண்ணாள்

விக்டோரியா அரசி காலத்து (1837–1901) ஸ்காட்லாந்தின் தென்கிழக்குப் பகுதிகளான பெர்விக்ஷயர், ராக்ஸ்பர்க்ஷயர், கிழக்கு லோதியன் ஆகியவற்றின் பண்ணைகளைப் பற்றிப் படிப்பவர்கள் ‘பாண்டேஜர்’ என்ற சொல்லைச் சந்திக்காமல் இருக்க முடியாது. பண்ணையில் அமரும் மணமான உழவாள், தன் உழைப்போடு ஒரு பெண்ணின் உழைப்பையும் ஆண்டு முழுதும் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வாறு தரப்பட்ட பெண்ணே பாண்டேஜர்.

இச்சொல்லில் ‘கட்டு’ என்ற பொருள் ஒலிப்பதால் அடிமை என்று எண்ணத் தோன்றும். வேர் அதுவன்று. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் ‘போண்டி’ என்றால் சொந்த வீடும் நிலமும் கொண்ட குடியானவன். இங்கிலாந்தில் நார்மன் ஆட்சி ஏற்பட்ட பின் குடியானவர்களின் நிலை தாழவே, சொல்லும் தாழ்ந்து, கட்டுதலைக் குறிக்கும் வேறொரு சொல்லோடு மயங்கியது. அந்த உழவாளின் பெயரான ‘ஹைண்ட்’ என்பதும் வீட்டாரைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததே. ஆங்கில அகராதியில் ‘ஹைண்ட்’ என்பதற்கு முதலில் காணும் பெண்மான் என்ற பொருளை நம்பினால் பெண்மான் ஏரோட்டுவதாக மொழிபெயர்க்க நேரும். அது வேறு சொல்.

ஹைண்டின் கூலி பெரும்பாலும் பொருளாகவே அளக்கப்பட்டது: ஓட்ஸ், பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு நடச் சிறிது நிலம், ஒரு பசுவுக்குத் தீனி. வீட்டு வாடகைக்கு ஈடாக அவர் மனைவி அறுவடையில் கதிர் அறுத்துக் கொடுத்தார். ஆகவே அவருக்குத் தமிழில் ‘படியாள்’ என்பது நன்கு பொருந்தும். ஆள்சந்தையில் பேச்சு முடிந்ததும் கையில் வைக்கும் ‘ஆர்ல்ஸ்’ காசு நம் அச்சாரமேதான்.

வயதுக்கு வந்த மகளோ தங்கையோ இருந்தால் சிக்கல் இல்லை. இல்லாவிட்டால் படியாள் சந்தையில் வேறொரு பெண்ணை அமர்த்தி, உணவும் சம்பளமும் கொடுத்து, பெரும்பாலும் ஒரே அறையாக இருந்த குடிலில், தன் குடும்பம் உறங்கும் பெட்டிக்கட்டில்களுக்கு நடுவே அவளுக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. பண்ணையார் அவள் வேலை செய்த நாளுக்கு மட்டுமே கூலி தந்தார். மழைநாளில் வேலை இல்லை, சோறு மட்டும் உண்டு, அந்த இழப்பு படியாளுடையது. டர்னிப் பயிரைக் களைக்கொத்தால் கலைத்துவிடுதல், கல் பொறுக்குதல், எரு அள்ளுதல், கதிரடி இயந்திரத்துக்குத் தாள் எடுத்துக் கொடுத்தல் எல்லாம் அவள் வேலை. ஏர் மட்டும் ஆண்களுடையது. 1860களில் படியாள்கள் இந்த நிபந்தனையை வெளிப்படையாக எதிர்த்ததில் வியப்பில்லை.

இதைச் சிலர் ‘கொத்தடிமை’ என்று பெயர்க்கலாம்; எனக்கு அது ஒப்புதல் இல்லை. கொத்தடிமையைப் பிடித்து வைப்பது கடன். பாண்டேஜரைப் பிடித்து வைத்தது ஓராண்டு ஒப்பந்தம். தவணை முடிந்ததும் அவள் வேறு பண்ணைக்குப் போகலாம். ‘பண்ணையாட்டி’ என்றால் பண்ணையாரின் மனைவி என்ற மயக்கம் வரும். கூலி பேசும்போது நாம் இன்றும் சொல்லும் ‘பெண்ணாள்’ என்பதோடு, ஒருவர் பொறுப்பில் ஒருவர் நிற்பதைக் காட்டும் ‘பிணை’யைச் சேர்த்து ‘பிணைப் பெண்ணாள்’ எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த நிபந்தனை மறைந்த பின்னும், அகன்ற வைக்கோல் தொப்பியும் முரட்டுத் துணிப் பாவாடையும் அணிந்து வயலில் உழைத்த பெண்களைப் பழைய பெயராலேயே அழைத்துவந்தனர். நிபந்தனை மறைந்த அந்தப் பிற்காலத்து எழுத்தைப் பெயர்ப்பவர்கள் ‘பிணை’யை விட்டுவிட்டு, பண்ணைப் பெண்ணாள் என்று எழுதினால் போதும்.