72 மணி நேரக் கணக்கு

பினாங்கு லெபு பாசாரில் ஒரு நகைக்கடை என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளரின் பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், கைப்பேசி எண் எல்லாம் அங்கே எங்கெங்கே கிடக்கின்றன? பில் போடும் கணினியில், கல்லாவுக்குப் பக்கத்து நீள நோட்டில், தீபாவளி வாழ்த்து அனுப்பும் ஊழியரின் சொந்த வாட்ஸ்அப்பில். போன வருடம் வேலையை விட்டுப் போனவரின் பென்டிரைவிலும் இருக்கலாம்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, மலேசியாவில் 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. வணிகத்துக்குத்தான், மத்திய, மாநில அரசுகளை அது கட்டாது. விவரங்களை எதற்காக வாங்குகிறோம் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிவிப்பை அச்சடித்துச் சுவரில் ஒட்டியதோடு கடமை முடிந்தது என்றுதான் பல முதலாளிகள் இருந்தார்கள். 2024-இல் வந்த திருத்தம் அந்த நிம்மதியைக் கெடுத்துவிட்டது. அபராதத்தின் உச்சவரம்பு 3 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டுக்கு ஏறியது, சிறை 3 ஆண்டு வரை.

நிறுவனம் சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் மேனேஜரின் தூக்கத்தைக் கெடுப்பது 2025 ஜூன் 1-இல் வந்த விதி. தரவு கசிந்து, ஆட்களுக்குப் பெரிய பாதிப்பு வரக்கூடும் என்றாலோ, 1,000 பேருக்கு மேல் சிக்கியிருந்தாலோ, 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதிப்புக்கு இடமிருந்தால், அதன் பிறகு 7 நாளுக்குள் வாடிக்கையாளருக்கும்.

சரி, எத்தனை பேர் என்று எப்படிச் சொல்வது? ஒரே ஆள் பில்லில் லெட்சுமி, நோட்டில் லட்சுமி, வாட்ஸ்அப்பில் 'வளையல் அக்கா'. மூன்று பேரா, ஒருவரா? கசிந்த பிறகு உட்கார்ந்து எண்ணினால் மூன்று நாளும் அதிலேயே போய்விடும். தரவு நிர்வாகம் என்று பெரிதாகச் சொல்வதெல்லாம் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு வைப்பதுதான். என்ன தரவு, எங்கே, எதற்காக, யார் திறக்கலாம், எதுவரை வேண்டும்: ஒரு எக்செல் தாள் போதும், ஆனால் மாதம் ஒருமுறை திருத்த வேண்டும். தன் விவரங்களைக் காட்டச் சொல்லி ஒரு வாடிக்கையாளர் எழுதிக் கேட்டால் 21 நாளுக்குள் கொடுக்க வேண்டுமே, அப்போதும் இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

தேவை முடிந்த தரவை அழிப்பதும் சட்டம் சொல்வதுதான். பூர்த்தி செய்த படிவங்களைச் சட்டத் தேவை இல்லையென்றால் 14 நாளுக்குள் அழிக்கச் சொல்கிறது 2015-இன் தர விதி. நம் ஆட்களுக்குக் காகிதத்தைத் தூக்கிப் போட மனசு வராது, அதுதான் தொல்லை.

அப்புறம், 20,000 பேருக்கு மேல், அல்லது நிதி, உடல்நலம் போன்ற அந்தரங்கமான தரவு 10,000 பேருக்கு மேல் வைத்திருந்தால், தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். அந்த வரம்பைத் தாண்டினோமா என்பதும் லெட்சுமியை எத்தனை தடவை எண்ணினோம் என்பதைப் பொறுத்தது.