கடலில் துண்டு போடும் கப்பல்கள்

"கப்பல் வரைபடத்தை போனில் திறந்தால் ஒரு ஜலசந்திக்குள் மட்டும் நூற்றுக்கணக்கான அம்புக்குறிகள் மொய்க்கின்றன. அத்தனையும் ஒரே அலைவரிசையில் சிக்னல் அனுப்புகின்றன என்கிறார்கள். குழம்பிப் போகாதா? சில கப்பல்கள் நிலத்தின் மேல் தெரிகிறதே, அது எப்படி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கப்பல்துறையில் டிஜிட்டல் என்று பேச்செடுத்தாலே ஆளில்லாக் கப்பல், செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின் என்று போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், வாசகர் கேட்டிருக்கும் ஏ.ஐ.எஸ். என்ற பெட்டிக்குள் நடப்பதுதான் எல்லாவற்றையும்விட அழகு.

தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ.ஐ.எஸ். என்றால் தானியங்கி அடையாள அமைப்பு. கப்பல் இருக்கும் இடம், வேகம், திசை, அதன் 9 இலக்க அடையாள எண் ஆகியவற்றை வி.எச்.எஃப். ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கப்பல்கள் கேட்கும். கரையில் ஒரு ஆன்டெனா கேட்டு இணையத்தில் ஏற்றினால் உங்கள் போனில் அம்புக்குறி. ராடாரும் கப்பலைக் காட்டும், ஆனால் பெயர் சொல்லாது. கடல் பயணப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின்படி, சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னேஜும் (கப்பலின் கொள்ளளவுக் கணக்கு) அதற்கு மேலும் உள்ள கப்பல்களும் எல்லாப் பயணிகள் கப்பல்களும் 2004 இறுதிக்குள் இதைப் பொருத்தியாக வேண்டும் என்று விதி வந்தது.

இப்போது கேள்விக்கு வருவோம். இருப்பது இரண்டே சேனல்கள்: 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ். கைபேசி என்றால் யார் எப்போது பேசலாம் என்று டவர் சொல்லும். நடுக்கடலில் டவருக்கு எங்கே போவது?

ஒவ்வொரு நிமிடத்தையும் 2250 கட்டங்களாக நறுக்கியிருக்கிறார்கள். ஒரு கட்டம் சுமார் 26.67 மில்லி விநாடி. 256 பிட்டுகள் அடங்கும். எல்லாக் கப்பல்களின் கடிகாரமும் ஜிபிஎஸ் நேரத்தோடு ஒட்டி ஓடுவதால், எந்தக் கட்டம் எப்போது தொடங்குகிறது என்பதில் தகராறே இல்லை. இருப்பிடச் செய்திக்கு 168 பிட்டுகள் போதும். மிச்சத்தில் கொஞ்சத்தை வேண்டுமென்றே காலியாக விடுகிறார்கள். ரேடியோ அலை 300 கிலோமீட்டர் கடக்க 1 மில்லி விநாடி ஆகும் அல்லவா? தொலைவிலிருந்து தாமதமாக வந்து சேரும் செய்தியின் வால் அடுத்த கட்டத்துக்குள் நீட்டாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. 200 கடல் மைல் தாண்டியும் அது தாங்கும்.

பெட்டியைப் போட்டதும் அது வாயே திறக்காது. முழுசாக ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்கும். எந்தெந்தக் கட்டத்தில் ஆள் இருக்கிறது என்று தனக்குள் ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளும். 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் போகும் கப்பல் 10 விநாடிக்கு ஒருமுறை பேச வேண்டும். அதாவது நிமிடத்துக்கு 6 கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும், பேச வேண்டிய நேரத்தை ஒட்டிக் குறைந்தது 4 கட்டங்களைத் தேர்ந்து, அவற்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுக்கும். முதலில் தென்படும் காலி இடத்தில் உட்கார்ந்தால் என்னவாம்? ஒரே சமயத்தில் கேட்டுக்கொண்டிருந்த இன்னொரு புதுக் கப்பலும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும்!

இடம் பிடித்த பிறகுதான் துண்டு போடும் வேலை. "இன்னும் இத்தனை நிமிடங்களுக்கு இந்தக் கட்டம் எனக்கு" என்று செய்தியோடு சேர்த்து அறிவிக்கும். அந்த எண்ணும் 3 முதல் 7 வரை குலுக்கி எடுத்ததுதான். நிமிடத்துக்கு நிமிடம் அது குறையும். சுழியம் ஆனதும், அடுத்து எங்கே மாறப் போகிறது என்பதையும் சொல்லிவிட்டு எழுந்து போகும். தப்பித் தவறி இரண்டு கப்பல்கள் ஒரே கட்டத்தில் மாட்டிக்கொண்டாலும் சில நிமிடங்களில் தானாகப் பிரிந்துவிடும்.

காலி இடமே இல்லையென்றால்? இருப்பதிலேயே தொலைவில் உள்ள கப்பலின் கட்டத்தை எடுத்துக்கொள்ளும். கேட்க அடாவடியாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வகை ரேடியோவில் வலுவான சிக்னல் வந்தால் பலவீனமானது அமுங்கிவிடும். உங்களுக்குப் பக்கத்துக் கப்பல் தெளிவாகக் கேட்கும். காதில் விழாமல் போவது, இப்போதைக்கு உங்கள் மேல் மோத வாய்ப்பே இல்லாத தூரத்துக் கப்பல். நெரிசல் கூடக்கூட ஒவ்வொரு கப்பலும் கேட்கும் வட்டம் தானாகச் சுருங்குகிறது. யாரும் கட்டளையிடவில்லை. ஸ்வீடன்காரர் ஹோகன் லான்ஸின் யோசனை இது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

செயற்கைக்கோளிலிருந்து கேட்கும்போதுதான் இந்தச் சாமர்த்தியம் தடுமாறுகிறது. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்டால்தானே ஏற்பாடு? மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளின் பார்வையில், ஒன்றையொன்று அறியாத கப்பல்கள் ஒரே கட்டத்தில் துண்டு போட்டிருக்கும். அதற்காகவே 96 பிட்டுகளில் ஒரு குட்டிச் செய்தியை 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேறு சேனல்களில் அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

சரி, நிலத்தில் நிற்கும் கப்பல்? ஏ.ஐ.எஸ். தன் ஜிபிஎஸ் சொல்வதை அப்படியே நம்பும். ஜிபிஎஸ் தன் இடம் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டால் பிரச்சினை இல்லை. அட்சரேகை 91 டிகிரி என்று அனுப்பும். அப்படி ஒரு இடம் பூமியில் கிடையாது என்பதால் எல்லோருக்கும் புரிந்துவிடும். ஆனால் யாராவது போலி ஜிபிஎஸ் சிக்னலை வீசினால் பொய்யையே உறுதியாகச் சொல்லும். 2017 ஜூனில் கருங்கடலில் இருந்த 20 கப்பல்கள் வரை இப்படி ஏமாந்தன. அவற்றின் கருவிகள் ஒரு விமான நிலையத்தில் இருப்பதாகக் காட்டின. போதாததற்கு, ஏ.ஐ.எஸ். செய்தியில் கையொப்பமோ பூட்டோ கிடையாது. யார் பெயரிலும் யாரும் பேசலாம். பளபளக்கும் செயலிகளுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சம் இந்தக் கையொப்ப ஆராய்ச்சிக்குப் போகலாம் என்பது என் கட்சி.

மனிதர்கள் பங்கும் உண்டு. போகும் இடம், நங்கூரமிட்டிருக்கிறதா பயணத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் கையால் உள்ளிடுவது. மாற்ற மறந்துவிட்டால் 'நங்கூரமிட்ட' கப்பல் 12 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், காவல் நிற்கும் அதிகாரி, திரையில் கண்ட கப்பலை ஜன்னல் வழியாக பைனாகுலரிலும் ஒருமுறை தேடிப் பார்க்கிறார்.