ஸ்ட்ரிக்ட் நாட்: டிஎம்இசட்டைத் தொடும் முன் இதைப் பாருங்கள்

வீட்டிலுள்ள பல கருவிகளை ஒரே பொது ஐபி முகவரி வழியாக இணையத்தோடு இணைக்க ரவுட்டர் செய்யும் வேலையே நாட் (NAT). கேம் கன்சோலில் 'நாட் வகை: ஸ்ட்ரிக்ட்' (கடும் கட்டுப்பாடு) என்று வந்தவுடன், ரவுட்டரின் டிஎம்இசட் (ஒரு கருவியை இணையத்துக்கு முழுதாகத் திறந்துவிடும் வசதி) பக்கத்தில் கன்சோலின் ஐபி முகவரியை இட்டு எல்லாப் போர்ட்டுகளையும் (தரவு வந்துபோகும் எண்ணிட்ட வாயில்களை) ஒரேயடியாகத் திறந்துவிடும் வழக்கத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அண்மையில் ஒரு வீட்டில், ரவுட்டர் மறுதொடக்கமானபின் அந்த முகவரி, குடும்பத்தின் புகைப்படங்களும் ஆவணங்களும் இருந்த சேமிப்புக் கருவிக்குப் போய்விட்டது. கன்சோல் பழையபடி ஸ்ட்ரிக்ட் ஆனதோடு, அந்தக் கருவி ஒருவருக்கும் தெரியாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்தது.

இன்னும் பலர், வேகமான இணைப்புக்கு மாறினால் சரியாகிவிடும் என்று நம்பிப் பணம் செலவழிக்கிறார்கள். நாட் வகை என்பது வேகத்தின் அளவு அன்று. வெளியிலுள்ள இன்னொரு விளையாட்டாளரின் கருவி உங்கள் கருவியைத் தானாகத் தொடர்புகொள்ள முடிகிறதா என்பதையே அது சொல்கிறது. விளையாடும்போது போய்வரும் தரவு மிகக் குறைவு. 50 எம்பிபிஎஸ் இணைப்பில் ஸ்ட்ரிக்ட் என்று காட்டியது, ரவுட்டர் அமைப்பு மாறாதவரை 500 எம்பிபிஎஸ் இணைப்பிலும் அப்படியே காட்டும். பிளேஸ்டேஷனில் 'வகை 2' என்று வருவதையும் கோளாறாக எண்ண வேண்டாம். ரவுட்டருக்குப் பின்னால் ஒழுங்காக இயங்கும் கன்சோல் அப்படித்தான் காட்டும்.

முதலில், ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் உள்ள டபிள்யூஏஎன் ஐபி முகவரியையும் (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி), ஐபி முகவரியைக் காட்டும் ஏதேனும் இணையதளம் சொல்லும் முகவரியையும் ஒப்பிடுங்கள். டபிள்யூஏஎன் முகவரி 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் வீட்டிலேயே இரண்டு ரவுட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாட் செய்கின்றன. மோடத்தை பிரிட்ஜ் முறைக்கோ (நாட் செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறை), இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கோ (நாட் செய்யாமல் வைஃபை மட்டும் தரும் முறை) மாற்றுங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியில் இருந்தால், இணைய நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியில் வைத்திருக்கிறது. 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதி அது. அந்நிலையில் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட்டுகளைத் திறந்தாலும் பயனில்லை. நிறுவனத்திடம் தனிப் பொது ஐபி முகவரி கேளுங்கள்.

இரண்டு முகவரிகளும் ஒன்றாக இருந்தால் யூபிஎன்பியை (கருவிகள் தமக்கு வேண்டிய போர்ட்டைத் தாமே திறந்துகொள்ள விடும் ரவுட்டர் வசதி) இயக்கி, ரவுட்டரையும் பிறகு கன்சோலையும் மறுதொடக்கம் செய்யுங்கள்; பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால், கன்சோலுக்கு மாறாத உள் முகவரியை ஒதுக்கிவிட்டு, விளையாட்டுக்குத் தேவையான போர்ட்டை மட்டும் திறங்கள். எக்ஸ்பாக்ஸுக்கு அது யுடிபி (தரவு அனுப்பும் ஒரு முறை) 3074. ஒரே போர்ட்டை இரண்டு கன்சோல்களுக்குத் திருப்ப முடியாது. இரண்டாவது எக்ஸ்பாக்ஸுக்கு அதன் நெட்வொர்க் அமைப்பில் மாற்றுப் போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். யூபிஎன்பி இயங்கும்போது வீட்டிலுள்ள எந்தக் கருவியும் கேட்காமலே போர்ட் திறக்கலாம் என்பதால், ரவுட்டரின் ஃபர்ம்வேரை (உள் மென்பொருளை) புதுப்பித்து வையுங்கள். திறந்திருக்கும் போர்ட்டுகளின் பட்டியலை அவ்வப்போது பார்த்து, அடையாளம் தெரியாதவற்றைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.